ஒரு மில்லிகூட நகரவில்லை

அவரை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு எந்த மில்லியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மனிதர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர். தொழில் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ஒரு மாடியில் வந்து நின்று கதவு திறந்தால், உள்தரையும் வெளித்தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். விரல் கனம் ஏற்ற இறக்கம் இருந்தால் பரவாயில்லை என்று கம்பெனிக் கையேடே சொல்கிறது. இவர் விடமாட்டார். கூட வந்தவர்கள் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டாவி விட்டபடி நிற்பார்கள். இவர் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் ஒரு மில்லி இருக்குய்யா" என்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர் வீடுவரை வந்துவிட்டது.

வீட்டிலும் அதே கதைதான். சுவரில் காலண்டர் கோணினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மேஜையில் தட்டு ஓரத்துக்கு நேராக இருக்க வேண்டும். "சாப்பாடு நல்லா இருக்கான்னு சொல்லுங்க. நேரா இருக்கான்னு சொல்லாதீங்க" என்பாள் அவர் மனைவி.

அவள் ஒரு டாக்ஸி நிறுவனத்தில் போன் எடுக்கிற வேலையில் இருந்தாள். காதில் ஹெட்போனை மாட்டினால் மாட்டினதுதான். கூப்பிடுகிறவர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் கேட்கிற இரைச்சலை வைத்தே ஆள் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடித்துவிடுவாள். "பின்னாடி டிவி ஓடுது. இவரு இன்னும் கிளம்பல. வண்டிய மெதுவா அனுப்புங்க" என்று டிரைவர்களுக்குச் சொல்வாள். அவள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அலுவலகத்தில் அவளை விட்டால் ஆளில்லை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில்தான் கண் போக ஆரம்பித்தது.

ஒரேயடியாகப் போகவில்லை. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் பக்கத்தில் நிற்பவர் தெரியவில்லை, பிறகு கால் அருகே இருக்கிற படி தெரியவில்லை. கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பார்க்கிற அளவுதான் மிச்சம் இருந்தது. அதிலும் புகை அடைத்த மாதிரி. இதற்கு மருந்து இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

போன் எடுக்கக் கண் வேண்டாம். ஆனால் அலுவலகத்துக்குப் போய்ச் சேரக் கண் வேண்டுமே. வீட்டுத் தெருவில் நேராகப் போய், முனையில் திரும்பி, அடுத்த தெருவில் பாதி தூரம். அவ்வளவுதான். கொஞ்ச நாள் மில்லி ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் அவர் விடியலிலேயே ஓட வேண்டும். அன்றைக்கு அவள் உடுத்திக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். இப்படி அடிக்கடி ஆனதும் மேனேஜர் கூப்பிட்டு, நயமாகத்தான், ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "நீங்களா நேரத்துக்கு வந்து போக முடியும்னா சீட்டு உங்களுக்குத்தான். முடியலன்னா நான் வேற ஆளப் பாக்கணும்மா."

பார்வை இல்லாதவர்களுக்கான சங்கத்திலிருந்து ஒரு நடைப்பயிற்சி டீச்சரம்மா வந்தார். மடக்கி விரிக்கிற வெள்ளைக் கோல் ஒன்றைக் கையில் கொடுத்து, தட்டுகிற விதம், கேட்கிற விதம் எல்லாம் கூடத்திலேயே காட்டினார். மில்லியின் மனைவி அந்தக் கோலைத் தரையில் தட்டிப் பார்த்துச் சிரித்தாள். மில்லிக்கு முகம் செத்துப்போனது.

டீச்சரம்மா போனதும் சொன்னார்: "இத நீட்டிக்கிட்டு நீ தெருவுல போனா எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாப்பாங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"பாக்கறது எனக்கா தெரியப்போகுது? உங்களுக்குத்தான ஒரு மாதிரி இருக்கு?"

"நான் இருக்கேன்ல. நான் ஒன்னு செஞ்சு தரேன். கோலெல்லாம் வேணாம்."

அவள் கோலை மடக்கி அலமாரியில் வைத்தாள். அவர் செய்து தருகிறேன் என்று சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. அது அவள் செய்த தப்பு என்றால் தப்புதான்.

மில்லிக்கு எலெக்ட்ரானிக்ஸ் பைத்தியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். பல் டாக்டர் ஒருவர்தான் செயலாளர். ஆளுக்கொரு சால்டரிங் குச்சியோடு உட்கார்ந்து புகை பிடிக்காமலே புகை கிளப்புவார்கள். மண் காய்ந்தால் தானே தண்ணீர் விடும் கருவி செய்தார்கள், செடி அழுகிப்போனது. கை தட்டினால் எரிகிற விளக்கு செய்தார்கள்; இடி இடித்தாலும் எரிந்தது. இதையெல்லாம் படம் பிடித்து இணையத்தில் போட்டு, தங்களுக்குள்ளேயே பாராட்டிக்கொள்வார்கள்.

அந்தக் கூட்டத்துக்குள் அப்போது வந்து இறங்கியது சாட்டிலைட்டைக் கேட்டு இடம் சொல்கிற துல்லிய போர்டு. போனில் இருக்கிற இடங்காட்டி, நீங்கள் தெருவின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைக்கூட ஒழுங்காகச் சொல்லாது. டாக்ஸிக்காரர் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு "எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்க" என்று கத்துவது அதனால்தான். இந்தப் போர்டு தீப்பெட்டி அளவுதான்; ஆனால் விரல் அகலத்துக்குள் இடம் சொல்லிவிடும். மில்லிக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்ததிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்த மாதிரி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இதில் இரண்டு போர்டு வேண்டும். ஒன்று ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியும். வானத்திலிருந்து வருகிற கணக்கில் இந்த நிமிஷம் எவ்வளவு பிசகு என்று பார்த்து, நடமாடுகிற இன்னொரு போர்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அது தன்னைத் திருத்திக்கொள்ளும். நிற்கிற போர்டுக்குத் தன் இடம் தெரிய, அதை ஒரு முழு நாள் சும்மா உட்காரவைத்துக் கணக்கெடுக்கவிட்டு, வந்த எண்ணை அதிலேயே பதிய வைக்க வேண்டும். பதிந்தபின் தொடக்கூடாது. தொட்டு நகர்த்தினால், பழைய இடத்திலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டு, நடமாடுகிற போர்டையும் அதே அளவுக்கு அதே பக்கம் தள்ளிவிடும். இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். இந்த வேலையில் இறங்குகிற எவருக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. மில்லியே புதிதாக வருகிறவர்களுக்கு வாய் வலிக்க வலிக்கச் சொல்லுவார்.

ஒரு வாளியில் சிமெண்டைக் கொட்டி, நடுவே இரும்புக் கம்பத்தை நட்டு, உச்சியில் ஆண்டெனாவை மாட்டி மொட்டைமாடியில் வைத்தார். வாளியைச் சுற்றித் தரையில் வெள்ளைப் பெயிண்டால் வளையம் போட்டார். கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் அதில் துணிக்கயிறு கட்டப் போனபோது, ஏதோ வயரில் கை வைத்த மாதிரி அலறிக்கொண்டு ஓடினார். "ஒரு மில்லி நகந்தாக்கூட என் பொண்டாட்டி உசுரு சார்!" என்றார். மருந்துக்கடைக்காரர் பயந்துபோய்க் கயிற்றை ஜன்னலில் கட்டிக்கொண்டார்.

நடமாடுகிற போர்டு ஒரு சின்னப் பெட்டிக்குள், அவள் தோள்பையில். ஆண்டெனா தொப்பியில். இரண்டு தோள் வாரிலும் போனில் அதிர்கிற மாதிரிச் சின்ன மோட்டார். வீட்டுவாசலிலிருந்து அலுவலக வாசல்வரை நடைபாதையில் அவரே நடந்து ஒரு கோட்டைப் பதிந்துவைத்தார். அந்தக் கோட்டைவிட்டு ஒரு சாண் வலப்பக்கம் போனால் வலது தோள் அதிரும். இடப்பக்கம் போனால் இடது. சரியாகப் போனால் இரண்டும் சும்மா இருக்கும். திரும்ப வேண்டிய இடத்தில் இரண்டும் சேர்ந்து அதிரும்.

"ஆக, சும்மா இருந்தா சரின்னு அர்த்தம்" என்றாள் அவள். "உங்கள மாதிரியே." மொட்டைமாடிக் கம்பத்துக்கு அவளே ஒரு பேரும் வைத்தாள். யாராவது தனியாகப் போகப் பயமில்லையா என்று கேட்டால், விரலை உயர்த்தி, "மேல இருக்கறவன் பாத்துக்குவான்" என்பாள். கேட்டவர்கள் பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள்.

சில வாரம் மில்லி பின்னாலேயே நடந்தார். பிறகு ஒருநாள் அவள் தனியாகப் போனாள். போய்ச் சேர்ந்ததும் போன் செய்து, "வந்துட்டேங்க" என்று ஒரே வார்த்தைதான் சொன்னாள். மில்லி அப்போது ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலையில் உட்கார்ந்திருந்தார். அங்கேயே அழுதுவிட்டார். அந்த அழுகை நிஜம். பிற்பாடு நடந்ததை வைத்துக்கொண்டு அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது தெருவில், பேப்பர் கடைக்கு முன்னால் நடைபாதையின் நடுவே ஓர் இரும்பு மூடி உண்டு. மிதித்தால் 'டங்' என்னும். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு ஒரு தெம்பு, முக்கால்வாசி வந்தாயிற்று என்று. அதைத் தாண்டினதும் கட்டடப் பக்கம் ஒரு மரச்சாமான் கடை. சரக்கு வண்டி இறங்க நிலவறைக்குச் சரிவு வெட்டியிருந்தார்கள். நடைபாதையை ஒட்டிய ஓரத்தில் தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். ஒரு லாரி இடித்ததிலிருந்து இல்லை. கோடு அதைவிட்டுத் தள்ளித்தான் போனது.

ஒருநாள் அவள் கேட்டாள்: "ஏங்க, கால் ஒன்னு சொல்லுது, பெட்டி ஒன்னு சொல்லுதுன்னு வைங்க. எதக் கேக்கணும்?"

"பெட்டியத்தான். அதுல என்ன சந்தேகம்? கால் ஏமாத்தும். இது ஏமாத்தாது."

"கால் இத்தன வருஷமா என்னோட இருக்குங்க."

"இத்தன வருஷத்துல ஒரு தடவயாவது நீ எங்க நிக்கறேன்னு விரல்கடைக்குச் சொல்லியிருக்கா உன் கால்?"

அவள் சிரித்துவிட்டாள். அவர் பெருமையாகப் பேசினால் அவளுக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

செயலாளருக்கு இந்த விஷயம் தெரிந்து, படம் எடுத்தே ஆக வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேமராவோடு நாலு பேர் வந்து மொட்டைமாடியில் ஏறினார்கள். மில்லி இஸ்திரி போட்ட சட்டையில் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றார். செயலாளர் கேமராவில் கண்ணை வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"பின்னாடி தண்ணித்தொட்டி அசிங்கமா தெரியுது சார். கம்பத்தக் கொஞ்சம் பின்னால தள்ளி வைங்களேன். வானம் மட்டும் விழுந்தா எடுப்பா இருக்கும்."

ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர் ஒரு வார்த்தை மறுத்திருக்க வேண்டாமா? உச்சி குளிர்ந்து கிடந்தவருக்கு மறுக்கத் தோன்றவில்லை. படம் முடிந்ததும் திருப்பி வைத்துவிடலாம் என்று வாளியைக் கட்டிப்பிடித்து, தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு போனார். நல்ல இரண்டு எட்டு இருக்கும். படம் நன்றாக வந்தது. அந்த இடத்தில் தொட்டி மறைக்காததால் இன்னும் நாலு சாட்டிலைட் கூடக் கேட்டது. "இங்கயே இருக்கட்டுமே" என்றார் செயலாளர். அவருக்கும் அதுவே சரி என்று பட்டது. புதிதாகக் கணக்கெடுத்துப் பதிய வேண்டும். அதை அப்புறம் செய்துகொள்ளலாம். கீழே இறங்கினார். படம் இணையத்தில் ஏறினதும் பாராட்டு மழை கொட்ட ஆரம்பித்தது. ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், மறந்துபோனார். வேறு காரணம் எதுவும் இல்லை. ஒரு மில்லிக்குச் சாப்பாட்டைத் தள்ளிவைக்கிற மனிதர் இரண்டு எட்டை மறந்துபோனார்.

மறுநாள் காலை அவர் வேலைக்குக் கிளம்பினபின் அவள் கிளம்பினாள். முதல் தெருவில் எதுவும் தெரியவில்லை. கம்பத்தை இழுத்தது அந்தத் தெருவின் போக்கிலேயேதான். அதனால் பக்கவாட்டில் பிசகு இல்லை. முனையில் மட்டும் இரண்டு தோளும் வழக்கத்தைவிடச் சற்று முன்னாலேயே அதிர்ந்தன. திரும்பினாள். இப்போது எல்லாமே பக்கவாட்டில், கட்டடப் பக்கமாக, நகர்ந்திருந்தது. நடைபாதை அங்கே அகலம். நடந்தாள். பேப்பர் கடையின் மை வாசனை வந்தது; 'டங்' வரவில்லை.

நின்றுவிட்டாள். காலை இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தாள். மூடி இல்லை. சாலைப் பக்கமாக ஓரடி நகர்ந்து பார்த்தாள். உடனே தோள் அதிர்ந்தது. திரும்பி வந்தாள். அதிர்வு நின்றது. சும்மா இருந்தால் சரி. இன்னொரு தடவையும் நகர்ந்து பார்த்தாள். இன்னொரு தடவையும் பெட்டி அவளை இழுத்து வந்து அதே இடத்தில் நிறுத்தியது. கால் ஏமாற்றும், பெட்டி ஏமாற்றாது என்று அவர் சொன்னதை நினைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். சில எட்டுகளில் காலுக்கடியில் தரை இல்லை. ஆள் உயரப் பள்ளத்தில், சரிவின் சிமெண்டில் போய் விழுந்தாள். பேப்பர் கடைக்காரர்தான் ஓடிப்போய்த் தூக்கினார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

மில்லி ஆஸ்பத்திரிக்கு ஓடி, கையெழுத்தெல்லாம் போட்டு, அவளை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனபின் துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தார். எடுக்கிறதற்கு முன் மொட்டைமாடிக்கு ஏறினார். வெள்ளை வளையம் காலியாகக் கிடந்தது. கம்பம் தள்ளி நின்றுகொண்டு பச்சை விளக்கைக் காட்டியது. அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. புரிகிற மனிதர்தானே. அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, அடிபட்ட ஆள் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தார்.

பிறகு எழுந்தார். வாளியைக் கட்டிப்பிடித்து இழுத்து வளையத்துக்குள் வைத்தார். பெயிண்டின் ஓரத்துக்கும் வாளியின் அடிக்கும் ஒரு நூல் இடைவெளி இருந்தது. குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதையும் சரிசெய்தார். கையில் துணிப்பையோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்.

அன்றைக்கே செயலாளர் போன் செய்தார். "போர்டு தப்பு பண்ணாதே சார். எப்படி?" என்றார். மில்லி, அவள் விழுந்த இடத்துக்கு எதிர்ச்சாரியில் புதிதாக எழும்பியிருக்கிற கண்ணாடிக் கட்டடத்தைச் சொன்னார். சாட்டிலைட்டிலிருந்து வருவது கண்ணாடியில் பட்டுத் திரும்பியிருக்கும் என்றார். கேட்பதற்குச் சரியாக இருந்தது. சப்பைக்கட்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. சைக்கிள் கடை மாடிக் கூட்டத்தார் இதைப் பற்றி இணையத்தில் பக்கம் பக்கமாக எழுதினார்கள். கண்ணாடி, கோணம், எதிரொளிப்பு. ஒருவர் மட்டும் வேறு மாதிரி எழுதினார்: கருவி சரியாகத்தான் இருந்திருக்கும், பாவம் அந்தம்மா பதற்றத்தில் தடுமாறியிருப்பார். மில்லி அதைப் படித்தார். பதில் எழுதவில்லை.

எழுதாததோடு நிற்கவும் இல்லை. டாக்ஸி நிறுவன மேனேஜர் பார்க்க வந்து, வராந்தாவில் நின்றுகொண்டு, "என்ன சார் ஆச்சு, அவ்வளவு நல்லா வந்துட்டிருந்தாங்களே?" என்று கேட்டபோது, கண்ணாடிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அது மேனேஜருக்குப் புரியவில்லை. விளக்கச் சலிப்பாக இருந்ததோ, பயமாக இருந்ததோ, "ஒரு செகண்ட் தடுமாறிட்டா சார்" என்று முடித்துவிட்டார்.

மேனேஜர் தலையை ஆட்டினார். "தடுமாற்றம் வந்துடுச்சுன்னா கஷ்டம்தான் சார். நாளைக்கு எங்க வாசல்லயே ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். அடுத்த வாரம் அந்தச் சீட்டில் வேறொருத்தி உட்கார்ந்தாள். ஒரு வாக்கியம் போதும்: கம்பத்தை நகர்த்தினது நான், அவள் சரியாகத்தான் நடந்தாள். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வீட்டில் கம்ப்யூட்டரில் அவள் அன்றைக்கு நடந்த கோட்டைத் திறந்து பார்த்திருந்தார். பேப்பர் கடை முன்னால் இரண்டு தடவை விலகித் திரும்பினதைத் தவிர, அவர் போட்ட கோட்டின்மேல் ஒட்டிவைத்த மாதிரி கிடந்தது, கடைசி எட்டுவரை. பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

வீட்டுக்கு வந்து படுக்கையில் கிடந்த நாட்களில் ஒரு மத்தியானம் அவள் கேட்டாள்: "ஏங்க, நான் தப்பா நடந்தேனா?"

அவர் மாத்திரை அட்டையை எடுத்து நேராக அடுக்கிக்கொண்டிருந்தார். "யாரும் தப்பு பண்ணல. ஒரு செகண்ட்... தடுமாறியிருப்ப. விடு."

"மேல கம்பம் அதே இடத்துலதான இருக்கு?"

"அதே இடத்துலதான். போய்ப் பாத்தேன். ஒரு மில்லிகூட நகரல."

அவள் அவர் குரல் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "சரி" என்றாள்.

அதன்பின் அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. மில்லிக்கு முதலில் நிம்மதி. போகப் போக அந்த அமைதி உறுத்தியது. முன்னெல்லாம் தட்டு நேராக இருக்கிறதா என்று கிண்டல் பண்ணுவாள். இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். அவர் அதை வலி என்று எடுத்துக்கொண்டார். பரிகாரம் மாதிரி இன்னொரு பை செய்ய உட்கார்ந்தார். இன்னும் உயர்ந்த போர்டு, பள்ளம் வந்தால் கத்துகிற சென்சார், மெத்தென்று தோள் வார். ராப்பகலாக அதிலேயே கிடந்தார். உண்மையைச் சொல்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்தார்.

அவள் எழுந்து நடக்க ஆரம்பித்ததும் பார்வை இல்லாதவர்களுக்கான சங்கத்துக்குத் தானே போன் போட்டாள். டீச்சரம்மா வந்தார். அலமாரியிலிருந்து கோல் வெளியே வந்தது. காலை வேளைகளில் இருவரும் தெருவில் இறங்கினார்கள். மில்லி பால்கனிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். டீச்சரம்மா நிறையப் பேசமாட்டார். அவள் நின்றால் நிற்பார். அவளே கண்டுபிடித்துக் கிளம்புகிறவரை வாயைத் திறக்கமாட்டார். தெருவில் நாலு பேர் பார்க்கத்தான் செய்தார்கள். பார்த்துவிட்டு வழிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஒரு காலை அவள் குளித்து, அலுவலகத்துக்குப் போகும்போது உடுத்துகிற புடவையை உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மேனேஜரைப் பார்த்து வேலையைத் திருப்பிக் கேட்கப்போவதாகச் சொன்னாள். மில்லி அவசரமாகப் புதுப் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இத மாட்டிக்கோ. எல்லாம் புதுசா பதிஞ்சு வச்சிருக்கேன். இனிமே ஒன்னும் ஆகாது."

அவள் பையைக் கையால் தடவிப் பார்த்தாள். தையல் நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு அதை அவர் கையிலேயே வைத்தாள்.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழம நான் கீழ படுத்திருந்தேங்க. என் தலைக்கு மேலதான் வாளிய இழுத்தீங்க. கரகரன்னு, இந்தச் செவுத்துலேந்து அந்தச் செவுத்துப் பக்கமா. படமெடுக்க இழுக்கறீங்க, திருப்பி வச்சுடுவீங்கன்னு நெனச்சேன். திருப்பி இழுக்கற சத்தம் வரல. நீங்க மறப்பீங்கன்னு எனக்கு நெனக்கவே தோணல."

மில்லி பையின் வாரை இழுத்து நேராக்கினார்.

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் அந்தச் சத்தம்தான் ஞாபகம் வந்துச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். கேட்டும் பாத்தேன். ஒரு மில்லிகூட நகரலன்னீங்க."

"நான்... எப்படிச் சொல்றதுன்னு..."

"விழுந்ததுக்கு எனக்கு உங்கமேல கோவம் இல்ல. மறதி யாருக்கும் வரும். ஆனா நான் தடுமாறினேன்னு மேனேஜர்கிட்ட சொன்னீங்களாமே. இப்ப அவர்கிட்ட நான் போய் நிக்கப்போறேன். நான் சொன்னா நம்பமாட்டாரு. நீங்க ஒரு போன் போட்டுச் சொன்னாப் போதும். நான் போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லிடுங்க. வேற ஒன்னும் வேணாம்."

அவர் பையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் கோலை விரித்தாள்.

"பின்னால வராதீங்க. உங்க செருப்புச் சத்தம் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கோல் தட்டுகிற சத்தம் படியில், பிறகு வாசலில், பிறகு தெருவில் கேட்டது. மில்லி வாசல்வரை இறங்கி வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மேனேஜரின் எண்ணைத் தேடி எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் மெதுவாக, நேராகப் போய்க்கொண்டிருந்தாள்.

கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் கடைக்குக் கிளம்பி வெளியே வந்தார். தெருவில் போகிறவளையும், மில்லியின் கையில் இருக்கிற பையையும் பார்த்தார். பார்வை இல்லாதவருக்குக் காதும் கேட்காது என்கிற நினைப்பு அவருக்கு, உரக்கவே கேட்டார்.

"என்ன சார், அம்மா குச்சியோட போறாங்க? உங்க பெட்டி என்னாச்சு? அன்னிக்கு உண்மையில என்னதான் நடந்துச்சு?"

மில்லி வாயைத் திறந்தார். போனைப் பைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அது ஒன்னுமில்ல சார். பேப்பர் கடைக்கு எதிர்த்தாப்புல அந்தக் கண்ணாடிக் கட்டடம் வந்துச்சுல்ல. அதுல பட்டுத் திரும்புது."

தெருவில் கோல் தட்டுகிற சத்தம் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தும் பிரயோஜனமில்லை. ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றாள். பிறகு தட்டிக்கொண்டே முனையில் திரும்பிப் போனாள்.